கொசு மெக்கானிக்

மழைக்காலம் வந்துவிட்டால் கொசு மெக்கானிக்குக் கை ஓயாது. மழையில் பொம்மை விமானம் விட முடியாது. விட முடியாதவர்கள் எல்லோரும் எஞ்சினைக் கழற்றிப் பழந்துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு அவருக்கு அனுப்பிவிடுவார்கள். உள்ளங்கையில் அடங்குகிற எஞ்சின்கள். பெரிய மோட்டாரில் என்னென்ன உண்டோ அத்தனையும் அதற்குள்ளும் உண்டு. போடுகிற சத்தம் மட்டும் உருவத்துக்குச் சம்பந்தமில்லாதது. ஊர்க் கொசு எல்லாம் ஒன்றுகூடிக் காதுக்குள் இறங்கினாற்போல் இருக்கும். அதை வைத்துத்தான் எதிர்வீட்டுத் தையல்காரர் அந்தப் பெயரைச் சூட்டினார்.

"கொசு மருந்து அடிக்கிறவங்க வந்தா மொதல்ல உங்க வீட்டைத்தான் காட்டிவிடுவேன்" என்பார் தையல்காரர். மெக்கானிக் சிரிப்பார். கொஞ்ச காலமாகத் தையல்காரர் எதைச் சொன்னாலும் சிரித்தார். போன மாதம் தையல்காரர் வாசலில் நின்று, தன் மாமியார் தவறிப்போன செய்தியைச் சொன்னார். மெக்கானிக் அதற்கும் நன்றாகப் பல் தெரியச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மெக்கானிக்கின் மனைவிக்கு அன்றைக்குத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. ஓடிப்போய்த் தையல்காரர் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு மனசு இப்ப அவருகிட்ட இல்லக்கா. ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்று கெஞ்சிவிட்டு வந்தாள். வீட்டுக்குள் வந்து அடுப்படியில் நின்றபடி பொரிந்து தள்ளினாள். அவர் தட்டில் இருந்த முட்டையைப் பிய்த்துச் சோற்றில் பிசைந்துகொண்டே, "ம்" என்றார். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு "ம்"தான்.

மகள் வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து அவர் அப்படித்தான் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

ஒரே மகள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவனைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். நல்ல பையன்தான். ஆனால் முதல் மனைவியைப் பறிகொடுத்தவன், கையில் ஒரு பெண்குழந்தை. "அடுத்தவ பெத்த புள்ளைக்கு நீ போய்ச் சோறூட்டணுமா?" என்று மெக்கானிக் ஒரே ஒரு தடவை கேட்டார். மகள் "ஆமா" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. அவள் பெட்டி படுக்கையோடு கிளம்பிய அன்று அவர் பின்கட்டுத் தகரக் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. இது நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்வாள். ஃபோனை அவர் எடுத்தால், பெயரைப் பார்த்துவிட்டு, "உனக்குத்தான்" என்று மனைவியிடம் நீட்டிவிடுவார். ஒரு நாளாவது காதில் வைத்ததில்லை. டிவியை மட்டும் வீடே அதிரும்படி வைத்துக்கொள்வார். அதுகூடத் தன் பேச்சு அவர் காதில் விழக் கூடாது என்கிற வீம்பு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இப்படி ஒரு மழை நாளில்தான் பல் டாக்டர் குடையை மடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்க வைத்துத் தான் பேசிப் பழகியவர். இங்கே வந்தாலும் அதே கதைதான்.

"மாஸ்டர், இதப் பாருங்க. படிக்கிற காலத்துல வாங்கினது. இதை வச்சுத்தான் விமானம் விடவே கத்துக்கிட்டேன். பரண்ல கெடந்துச்சு. என் சம்சாரம் பழைய இரும்போட போட இருந்தா, கையப் புடிச்சுத் தடுத்தேன். இதோட சத்தம் இன்னும் என் காதுலயே இருக்கு. ஒரு தடவை திரும்பக் கேட்டுட்டேன்னா போதும். எப்பக் குடுப்பீங்க?"

மெக்கானிக் எஞ்சினை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இரும்பு பிஸ்டன்" என்றார்.

"அது சரி. எப்பக் குடுப்பீங்க?"

"துருப் புடிச்சிருக்கு. உள்ள வழிச்சு எடுக்கணும்."

டாக்டர் மெக்கானிக்கின் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தீங்களா அக்கா, வித்தை தெரிஞ்சவங்ககிட்ட நாள் கேக்கக் கூடாது!" என்று சிரித்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவளுக்குத்தான் முகம் சுண்டிப்போனது. நாலு நல்ல வார்த்தை சொல்கிற மனிதரிடம்கூடவா இந்த முறுக்கு?

அந்த எஞ்சினில் அவர் பட்டபாடு கொஞ்சமில்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, சூடு காட்டி, மரக்கட்டையால் தட்டித் தட்டிப் பிரித்தார். சிலிண்டர் கட்டைவிரல் பருமன்கூட இல்லை. அதன் உட்சுவர் கண்ணாடி போலத் தேய்ந்து, ஒரு பக்கம் துரு அரித்துக் குழி விழுந்திருந்தது. கண்ணாடி போல இருந்தால் நல்லதுதானே என்று கல்யாணமான புதிதில் அவள் கேட்டிருக்கிறாள். "வழவழன்னு இருந்தா எண்ணெய் நிக்காது, வழுக்கிட்டு ஓடிரும். மெல்லிசாக் கீறல் இருக்கணும், குறுக்கும் நெடுக்கும், வலை பின்னின மாதிரி. அந்தக் கீறல்லதான் எண்ணெய் தங்கும். எண்ணெய் தங்குனாத்தான் எஞ்சின் தங்கும்" என்று அப்போது சொன்னார். அந்தக் காலத்தில் எதைக் கேட்டாலும் சொல்வார்.

பித்தளைக் கம்பியில் அரைப்புப் பசையைத் தடவி, சிலிண்டருக்குள் விட்டு, முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே திருகுவார். கொஞ்சம் இழுத்ததும் கழுவி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். மறுபடி பசை, மறுபடி இழுப்பு. கீழே சற்றே தளர்வாகவும் மேலே போகப் போக இறுக்கமாகவும் வர வேண்டும். பழைய பிஸ்டன் இனி ஆகாது என்று கடைசல் மிஷினில் புதிதாக ஒன்று கடைந்தார். கழுவுவது, துடைப்பது, எண்ணெய் பூசி வைப்பது எல்லாம் அவள் வேலை. மழைக் காற்றுக்கு இரும்பு ஒரே ராத்திரியில் பூத்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி அடுப்புப் பக்கத்து அலமாரியில் அடுக்குவாள். கொட்டகைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் இழுக்கிற 'சரக் சரக்' அவளுக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு பேரும் நாள் முழுக்க ஒரு சுவர் தள்ளியே இருந்தார்கள். அவரிடமிருந்து பேச்சு மட்டும் வராது.

புதுசாக்கின எஞ்சினை உடனே முழு வேகத்தில் ஓட்டக் கூடாது. பழக்க வேண்டும். கொட்டகைக்கு வெளியே, தகரக் கூரைக்கு அடியில் நட்ட மரத்தூணில் எஞ்சினைத் திருகி மாட்டி, எண்ணெய் தூக்கலாகக் கலந்த எரிபொருளை ஊற்றி, விசிறியைத் தட்டிவிடுவார். எண்ணெயைத் துப்பிக்கொண்டு, மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி 'பொதபொத' என்று ஓடும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி ஆறவைப்பார். மறுபடி ஓட்டுவார். ஒவ்வொரு தடவையும் எரிபொருள் ஊசியை ஒரு மயிரிழை மூடுவார். எரிபொருள் குறையக் குறையச் சத்தம் தெளியும். அளவு தப்பி மூடிவிட்டால் சத்தம் கீச்சென்று கிறீச்சிடும். உள்ளே எண்ணெய் வற்றிப் பிஸ்டன் சிலிண்டரோடு சிராய்த்துக்கொள்கிறது என்று அர்த்தம். அந்தக் கீச்சு கேட்டதும் ஊசியைத் திறக்காவிட்டால் இத்தனை நாள் பட்டபாடும் போச்சு.

இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பால் பொங்குகிற சத்தம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும்.

அன்றைக்குத் தூறல் விடவில்லை. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டரின் எஞ்சின் பொதபொதத்து, ஆறி, மறுபடி பொதபொதத்து, மெல்லத் தெளிந்தது. நல்ல சத்தம். காத்திரமான சத்தம். பரணில் கிடந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவளுக்கே கொஞ்சம் மனசு இளகிற்று.

அப்புறம் அந்தச் சத்தம் மேலே ஏறியது. இன்னும் ஏறியது. கீச்சென்று ஒரு கத்தல்.

கையிலிருந்த கத்தி நின்றது. இப்போது திறந்துவிடுவார் என்று காத்திருந்தாள். திறக்கவில்லை.

"என்னங்க!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். "என்னங்க, ஊசியத் திறங்க!"

கீச்சு நிற்கவில்லை. கத்தியைப் போட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். கீழே விழுந்துகிடப்பார், இல்லை கையில் விசிறி வெட்டியிருக்கும் என்றுதான் நினைத்தாள். அவர் தூணுக்குப் பக்கத்தில் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தார். தலையைச் சாய்த்து, எஞ்சினிலிருந்து வருகிற புகையை வைத்து ஓட்டத்தைக் கணிக்கிறவர் போல. மழை மங்கலில் புகை எங்கே தெரிகிறது? அவர் முகத்தில் ஒரு திருப்திகூட இருந்தது.

அவள் குனிந்து எரிபொருள் குழாயைக் கிள்ளிப் பிடித்தாள். எஞ்சின் 'டக்' என்று நின்றது. அப்போதுதான் அவர் அவளைப் பார்த்தார். தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

"எதுக்கு நிறுத்தின? நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சே!"

"நல்லா ஓடுச்சா? அந்தக் கத்து கத்துதே, உங்களுக்குக் கேக்கல?"

அவர் அவள் வாயையே பார்த்தார். அவள் பேசி முடித்த பிறகும் பார்த்தார். பிறகு, "ம்" என்றார்.

இரண்டு வருஷமாகக் கேட்ட "ம்". கோபம் என்றும் திமிர் என்றும் கல்மனசு என்றும் அவள் பெயர் வைத்த "ம்". அவர் திரும்பி எஞ்சின் தலையைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். அவள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.  அவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. தோன்றியதைச் சாதாரணக் குரலில் சொன்னாள்.

"உங்க பொண்ணு வந்திருக்கா. வாசல்ல நிக்கிறா."

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். விரலால் விசிறியைத் தள்ளிப் பார்த்தார். பிடித்துக்கொண்டிருந்தது, அசையவில்லை. நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டார்.

அவள் ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவர் தற்செயலாகத் திரும்பியவர், அவள் இருந்த இருப்பைப் பார்த்து அருகே வந்தார். "என்னா? மயக்கமா?"

"எப்பயிருந்து?" என்றாள்.

"என்ன?"

"எப்பயிருந்துங்க காது கேக்கல?" என்று கத்தினாள்.

அவர் பதறி இரண்டு பக்கத்துச் சுவரையும் பார்த்தார். "கத்தாத. தெருவுக்குக் கேட்றப் போகுது."

"உங்களுக்குக் கேக்கணுமே!"

தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் மழை பெய்தால் "தகரத்துச் சத்தத்துல எஞ்சின் சத்தம் புரியல" என்று வேலையை நிறுத்திவிடுவார். இந்த இரண்டு மழைக்காலத்தில் ஒரு நாள்கூட நிறுத்தவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் அவளுக்கு எதிரே கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தார். "கொஞ்சம் கொஞ்சமாத்தான் போச்சு" என்றார். "மொதல்ல கடிகாரம் போச்சு. அப்புறம் குக்கர் விசில். பேசறது கேக்கும், ஆனா என்னன்னு புரியாது. சுவத்துக்குப் பின்னாடியிருந்து பேசற மாதிரி. அவ போறதுக்கு முன்னாடியே அரைக்காது. இப்ப முக்காலும் போச்சு."

"டாக்டரப் பாக்கலாமில்ல?"

அவர் அவள் வாயிலிருந்து அதைப் பொறுக்கி எடுத்தார். "பாத்தேன். போன வருஷம் இரும்பு வாங்கப் போறேன்னு போனேனே, அன்னிக்கு. நரம்பு செத்துப்போச்சாம். இத்தன வருஷம் இந்தச் சத்தத்துக்குள்ளயே நின்னா என்ன ஆகும்? பஞ்சு வச்சுக்கன்னு என் அப்பன் சொன்னான். பஞ்சு வச்சா சத்தம் புரியாதேன்னு வைக்கல." எழுந்து போய், மேசை டிராயரில் இரும்புத் தூளுக்கு நடுவே கிடந்த ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினார். காதில் மாட்டுகிற கருவி. "இதக் குடுத்தாங்க. போட்டா எஞ்சின் சத்தம் மண்டைக்குள்ள ஆணியடிக்குது. பேச்சு மட்டும் அப்பவும் புரியல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீதான் என்கூடப் பேசறதையே விட்டுட்டியே."

"நானா?"

"அவளத் தொரத்திட்டேன்னு கோவத்துல பேசாம இருக்கேன்னு நெனச்சேன். எனக்கும் அது சவுகரியமாப் போச்சு. பேசாதவகூட இருந்தா காது கேக்காதது தெரியாதில்ல."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நான் பேசிக்கிட்டேதாங்க இருந்தேன்" என்றாள். "தெனமும் பேசினேன். அடுப்படியிலேருந்து பேசினேன். பாயில படுத்துக்கிட்டுப் பேசினேன். நம்ம பொண்ணு வளக்கிற குழந்தைக்கு முன்பல்லு விழுந்ததச் சொன்னேன். என் தம்பி வேலைய விட்டதச் சொன்னேன். உங்கள வாயில வந்தபடி திட்டவும் திட்டினேன்."

அதில் எவ்வளவு அவருக்குப் புரிந்ததோ. கடைசி வரி புரிந்திருக்க வேண்டும். "திட்டினது கேக்காமப் போனது நல்லதுதான்" என்றார். சிரிக்கவில்லை.

மகளிடம் சொல்லிவிடலாம் என்று அவள் சொன்னபோது மட்டும் அவர் முகம் கடுத்தது. விரலை நீட்டி, "வேண்டாம்" என்றார். "கோவக்கார அப்பன்னு நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். கோவக்காரன்னா ஒரு நாள் சண்ட போடவாவது வருவா. செவிட்டு அப்பன்னா பாவம் பாக்க வருவா. அது எனக்கு வேண்டாம். தெருவுலயும் வேண்டாம். காது கேக்காத மெக்கானிக்கிட்ட எவன் எஞ்சினக் குடுப்பான்? நாக்கு செத்தவன் கையில எவன் கரண்டியக் குடுப்பான்?"

மறைக்க முடியாத ஒருவர் இருந்தார். பல் டாக்டர். எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது புது பிஸ்டன் ஒரு பக்கம் உரிந்து, சிலிண்டரில் நீளமாகப் பட்டை விழுந்திருந்தது. டாக்டர் வந்து கேட்டதும் மெக்கானிக் எஞ்சினைத் துணியோடு அவர் முன்னால் வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள்தான் சொன்னாள். டாக்டர் எஞ்சினைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அருகே வந்து, மெக்கானிக்கின் தோளில் கை வைத்து, குழந்தையிடம் பேசுகிற மாதிரி வாயை அகட்டி, "பர–வா–யில்ல மாஸ்–டர். மெது–வாப் பண்–ணுங்க" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மெக்கானிக்கின் முகம் விளக்கணைத்தாற்போல் ஆயிற்று.

வாசல்வரை வழியனுப்பப் போனவளிடம் டாக்டர் தணிந்த குரலில், "ஓட்டிப் பாக்கறப்ப மட்டும் வேற யாராவது கூட நிக்கறது நல்லதுக்கா" என்றார். தணிந்த குரலில் பேச வேண்டிய அவசியமே இல்லை என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

திரும்ப முதலிலிருந்து. சிலிண்டரின் பட்டை மறையும்வரை வழித்தெடுக்க, அது இன்னும் கொஞ்சம் அகன்றது. அதற்கேற்ப இன்னொரு பிஸ்டன். கை வேலையில் ஒரு குறையும் இல்லை. வழித்து முடித்ததும் அவரே அவளைக் கூப்பிட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். உள்சுவரில் வலை பின்னினாற்போல் மெல்லிய கீறல்கள் மினுங்கின. "நல்லாருக்கு" என்றாள். அவர் வாயைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஓட்டுகிற அன்றைக்கு அவள் அவர் பக்கத்தில் நின்றாள். அவர் ஊசியில் விரலை வைத்திருப்பார், அவள் அவர் தோளில் கை வைத்திருப்பாள். சத்தம் ஏறினால் அழுத்த வேண்டும். அதுதான் ஏற்பாடு. எஞ்சின் பொதபொதவென்று எடுத்தது. எண்ணெய் அவள் புடவையெல்லாம் தெறித்தது. அவர் ஊசியை மூடினார். அவள் சத்தத்தையே கவனித்தாள். கவனித்துக் கேட்கும்போது, இத்தனை நாள் தானாகத் தெரிந்தது தெரியாமல் போயிற்று. ஏறுகிறதா, இல்லையா? பயத்தில் முன்னாலேயே அழுத்திவிட்டாள். அவர் திறந்தார். எஞ்சின் இருமி நின்றது.

அடுத்த தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை அவர் தோளைக் குலுக்கி அவள் கையைத் தட்டிவிட்டார். "என்ன ஏறுச்சா, எறங்குச்சா? சும்மா சும்மா அமுக்குற?"

"எனக்குப் பயமா இருக்குங்க!"

"பயந்தா இதத் தொடக் கூடாது. கேட்டு நிக்கணும்" என்றார். சொல்லிவிட்டு அந்த வார்த்தையில் தானே இடறினாற்போல் நின்றார்.  பிறகு அவள் கையைத் தானே எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, விசிறியைத் தட்டினார்.

சாயங்காலத்துக்குள் அது பழகிவிட்டது. ஓடியது. நன்றாகவே ஓடியது. டாக்டர் வந்து சத்தத்தைக் கேட்டு, கண் கலங்கி எடுத்துக்கொண்டு போனார். மெக்கானிக் அவர் முகத்தை வைத்துத்தான் எஞ்சின் எப்படிப் பாடியது என்று தெரிந்துகொண்டார். அவர் போனதும் மனைவியிடம், "நான் ஓட்டியிருந்தா இன்னும் ஒரு மயிரிழை மூடியிருப்பேன்" என்றார்.  அது உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஃபோன் செய்தாள். மெக்கானிக் கொட்டகையில் இருந்தார். மனைவிதான் ஃபோனை எடுத்து நலம் விசாரித்தாள், குழந்தையைப் பற்றிக் கேட்டாள், மழையைப் பற்றிப் பேசினாள்.  அவர் நீட்டிய விரல் கண்முன்னால் வந்தது. வந்தாலும் அவர் காது போனதைச் சொல்லிவிட்டாள்.



"ஏண்டி, இருக்கியா?"

"இருக்கேன்." குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "நான் போறதுக்கு முன்னாடியேவா?"

"அப்பவே அரைக்காதுன்னு சொன்னாரு. ஏன்?"

"நீ பைகள எடுத்துக்கிட்டு முன்னால போயிட்ட. நான் பின்கட்டுக்குப் போனேன்மா. வாசப்படியில நின்னேன். அவரு முதுகக் காட்டிக்கிட்டு ஏதோ இழுத்துக்கிட்டிருந்தாரு. 'அப்பா, நான் கெளம்புறேன். நீங்க சரின்னு சொல்ல வேண்டாம். ஒரு தடவ திரும்பிப் பாருங்க, போதும்'னு சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். அவரு இழுத்துக்கிட்டே இருந்தாரு."

 "என்கிட்ட சொல்லவே இல்லியேடி."

"எத எப்படிச் சொல்றது? திரும்பிக்கூடப் பாக்கல, அவ்வளவு வெறுப்பான்னு நெனச்சேன். அதனாலதான் இந்தப் பக்கமே வரல."  "இப்ப என்னம்மா பண்றது? அவரு மேல கோவப்பட்டுப் பட்டு அதுவே பழகிப்போச்சு. சட்டுன்னு அத எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"முகம் தெரியற மாதிரிக் கூப்புடு. வாய் அசையறதப் பாத்துப் புரிஞ்சுக்குவாரு. இப்பயே வேண்டாம். நான் மொதல்ல சொல்லிடறேன்."

சொல்வது அத்தனை சுலபமாக இல்லை. அவரைக் கூடத்து ஜன்னலுக்கு எதிரே உட்கார வைத்து, முகத்துக்கு நேரே சொன்னாள். பாதி அவருக்கு எட்டவில்லை. "என்ன? எங்க நின்னா?" என்று கேட்டார். திரும்பச் சொன்னாள். இன்னும் உரக்கச் சொன்னாள். ஒரு பெண் தன் அப்பனிடம் தாழ்ந்த குரலில் கேட்டதை, தெருவுக்கே கேட்கிற மாதிரி அவள் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. "ஒரு தடவ! திரும்பி! பாருங்கன்னு! கேட்டாளாம்!" அந்த வார்த்தைகளைக் கத்தினால் கட்டளை போட்டாற்போல் இருந்தது. அவற்றில் இருந்த கெஞ்சல் எங்கே போயிற்றோ. சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து பின்கட்டுக்குப் போனார். மேசைக்கு முன்னால், வேலை செய்கிற இடத்தில் நின்றார். தலையைத் திருப்பி வாசற்படியைப் பார்த்தார். மறுபடி மேசையைப் பார்த்தார். அப்புறம் அந்தப் படிவரை நடந்து வந்து, அங்கிருந்து மேசையைப் பார்த்தார்.

"இவ்வளவு கிட்டக்கவா?" என்றார்.

ஃபோன் அடித்தது. மகள் காத்திருக்கவில்லை. மனைவி பச்சைப் பொத்தானைத் தொட்டு, ஃபோனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். சின்னச் சதுரத்துக்குள் மகள் தெரிந்தாள். இளைத்திருந்தாள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து முன்பல் இல்லாத ஒரு குழந்தை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிற்று. மகள் ஏதோ சொன்னாள். வேகமாகச் சொன்னாள். படம் அங்கங்கே நின்று நின்று வந்தது.

அவர் "ம்" என்றார்.

பழக்கதோஷம். சொன்னதும் அவருக்கே தெரிந்துவிட்டது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஃபோனை அவள் கையிலிருந்து வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் காது கேக்காதும்மா" என்றார்.

தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. அது கொட்டகையைத் தாண்டி, சுவரைத் தாண்டி, தெருவுக்குப் போயிற்று. எதிர்வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

"நீ வந்து நின்னது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா திரும்பியிருப்பேன். கோவமா இருந்தேன், இல்லேங்கல. ஆனா திரும்பியிருப்பேன்."

பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் ஓடிப்போய் எதையும் சாத்தவில்லை. கேட்டால் கேட்கட்டும் என்று நின்றாள்.

அவர் ஃபோனை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று குலுக்கிப் பார்த்தார். பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"என்ன சொல்றா?"

அவள் எட்டிப் பார்த்தாள். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணைத் துடைக்காமல், இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் சொல்லலங்க."

"நெசமாவே ஒண்ணும் சொல்லலியா?" என்றார் அவர், அதே உரத்த குரலில். "இல்ல, எனக்குத்தான் கேக்கலியா?"